பூசினாற்போல் ஒரு முகம்

புற்றுநோய் வந்து, வெட்டி, கதிர் வைத்து, எல்லாம் முடிந்து வீடு வந்து சேர்ந்த பிறகு, ஒரு நாள் உங்கள் தாடைக்குக் கீழே லேசாக உப்பிக்கொண்டு வரும். பார்க்க வருகிறவர்கள் "நல்லா தேறிட்டீங்களே" என்பார்கள். நம்பிவிடாதீர்கள். இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மீதியெல்லாம் இந்த வரியை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்ற கதை.

என் பெயர் மல்லிகா. பொழிச்சலூரில் வீடு. பம்மலில் ஒரு மெட்ரிக் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் தமிழ் எடுத்தவள். கணவர் வேலுவுக்கு ஜல்லி, மணல், செங்கல் வியாபாரம். அவருடைய அப்பா நெல் போட்ட நிலத்தில் இப்போது எங்கள் லாரி நிற்கிறது. ஒரே மகள் தீபா, பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அடுத்த வீட்டில் என் கணவரின் அக்கா சரோஜா. எங்கள் வீட்டு விஷயம் எதுவானாலும் தீர்ப்பு அந்த வீட்டிலிருந்துதான் வரும்.

முதலில் நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண். உடைந்த கடைவாய்ப்பல் உரசுகிறது என்று நினைத்து, சத்து மாத்திரையும் தேனுமாக இரண்டு மாதம் ஓட்டினேன். பல் டாக்டர் அந்தப் பல்லை ராவிவிட்டு, "ரெண்டு வாரத்துல ஆறலைன்னா வாங்க" என்றார். ஆறவில்லை. பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமலே எழுதினார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அங்கே மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணிலிருந்து ஒரு கிள்ளு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பயாப்ஸி என்பது அவ்வளவுதான். முடிவு வர ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தினேன். சாகப் போகிறோமோ என்ற பயத்தில் யாருக்கும் அரை மதிப்பெண்கூடக் கூட்டிப் போட்டுவிடவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம்.

புற்றுநோய்ப் பிரிவில் காத்திருக்கும் கூடம் நீளமானது. வரிசையாக இரும்பு நாற்காலிகள். அதில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "வெத்தலை போடுவீங்களா, பாக்கா, இல்ல புகையிலையா?" எதுவும் இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். ஒரு காரணம் இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் யாருக்கும் வரலாம் என்று ஆகிவிடுமே. டாக்டரும் அதையே கேட்டபோது, "இருபத்திரண்டு வருஷமா சாக்பீஸ் தூள் தின்னுருக்கேன் சார், அது கணக்குல வருமா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு நாக்கு நீளம் என்று சரோஜா அக்கா கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஆபரேஷனில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டார்கள். வார்டுக்கு வந்து என்னைப் பார்த்தபோது அக்கா நிஜமாகவே அழுதார். அதையும் சொல்லிவிட வேண்டும். நாக்கோடு, கழுத்தின் இரண்டு பக்கத்திலும் இருந்த நெறிக்கட்டிகளையும் அள்ளி எடுத்தார்கள். நோய் முதலில் பரவுவது அங்கேதான் என்பதால் அப்படிச் செய்வது வழக்கமாம். அதன்பின் முப்பது நாள் கதிர்வீச்சு. வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலை ஒன்றை முகத்தின் மேல் போட்டு அழுத்தி அச்சு எடுத்துவிடுவார்கள். தினமும் அந்த முகமூடியை மாட்டி, மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். அசையக்கூடாது. எச்சில் விழுங்கக்கூட யோசிக்க வேண்டும். கழுத்து கருகி, தோல் உரிந்து, வாய்க்குள் எச்சில் ஊறுவதே நின்றுபோனது. எது தின்றாலும் பஞ்சு தின்பது போலிருந்தது. என் கணவர் தினமும் என்னை வண்டியில் வைத்து அழைத்துப் போய், அழைத்து வந்தார். ஒரு நாள்கூட "வேலை கீது" என்று சொல்லவில்லை.

ஆவணியில் தாடைக்குக் கீழே உப்ப ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் அதிகமாக இருக்கும், சாயங்காலம் கொஞ்சம் வடியும். நான் கண்ணாடியில் பார்த்துப் பயந்தேன். மற்றவர்கள் மகிழ்ந்தார்கள். கதிர்வீச்சில் ஒட்டிப்போயிருந்த முகம் திடீரென்று உருண்டு, பளபளவென்று ஆகிவிட்டதல்லவா? பால்காரர், பள்ளிக்கூடத் தாளாளர், எதிர்வீட்டுப் பெண், எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். "பூசினாப்ல ஆயிட்டீங்க டீச்சர்." நம் ஊரில் ஒருவர் நோயிலிருந்து மீண்டதற்கு முகத்தின் சதையைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது.

அந்த நேரத்தில்தான் குன்றத்தூரிலிருந்து தீபாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் கார்த்திக் அவளோடு வேலை செய்கிறவன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், பெரியவர்கள் பார்த்துப் பேசினால் போதும் என்ற நிலை. புற்றுநோய் என்ற சொல்லை அந்த வீட்டில் உச்சரிக்கக்கூடாது என்பது சரோஜா அக்காவின் உத்தரவு. பெண்ணுக்கும் வரும் என்பார்கள், சம்பந்தம் முறியும். கழுத்தில் ஒரு தைராய்டு கட்டி எடுத்தார்கள், அதனால் பேச்சு கொஞ்சம் குழறும் என்று சொல்லிவைத்தோம். தழும்பு தெரியாமல் காலர் வைத்த ஜாக்கெட் தைத்துக்கொண்டேன். பையனின் அம்மா தேவகி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி அம்மா நல்ல லட்சணமா கீறாங்க, பொண்ணு எப்டி இருப்பான்னு கேக்கவே வாணாம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது. ஆறு மாதமாக என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் பரிதாபத்தோடுதான் பார்த்திருந்தார்கள்.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்கேன் எழுதினார். நோய் திரும்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். முடிவு வந்ததும், "கேன்சர் இல்ல, நீர்தான்" என்று சொல்லி, பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கேதான் ஜென்சி இருந்தார். நாகர்கோவில் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும்.

"டீச்சர், உடம்புல ரத்தம் ஓடுற குழாய் ஒண்ணு. ரத்தத்துலேருந்து கசியற நீரைத் திரும்ப எடுத்துட்டுப் போற குழாய் இன்னொண்ணு. அந்த நீருக்குப் பேரு நிணநீர். உங்களுக்கு நெறிக்கட்டியை எடுத்தாச்சு, மிச்சம் இருந்த குழாயைக் கதிர் சுட்டுடுச்சு. நீர் போக வழியில்லாம முகத்துலயும் கழுத்துலயும் தேங்குது. நாம கையால தள்ளி, அக்குள் பக்கமா வேற வழி காட்டணும்."

"அப்ப இதை நெறைய பேருக்கு..."

"நெறைய பேருக்கு வருது. சொல்றதுதான் இல்ல," என்றார். பிறகு என் கணவரையும் பார்த்துச் சொன்னார். "வெளிய தெரியற இதே வீக்கம் தொண்டைக்கு உள்ளயும் இருக்கு. இப்ப வெறும் நீர். வடிச்சிடலாம். விட்டுட்டா கொழகொழன்னு ஆகும், அப்புறம் தோல் மாதிரி இறுகிடும். இறுகினா திரும்பி வராது. முழுங்கறது போயிடும். இந்த மூணு நாலு மாசம்தான் முக்கியம். வீட்டுலயே செய்யலாம், ஆனா ஒரு நாளும் விடக்கூடாது."

வைத்தியம் மிகவும் எளிது. அதனாலேயே யாருக்கும் அதில் மரியாதை வராது. முதலில் ஐந்து முறை மூச்சை ஆழமாக இழுத்து விட வேண்டும். பிறகு அக்குள், நெஞ்சு, கழுத்து, கடைசியில்தான் முகம். போகிற வழியைத் திறந்துவிட்டுப் பிறகு நீரைத் தள்ளுவது. எண்ணெய் கிடையாது, ஒத்தடம் கிடையாது, அழுத்தவே கூடாது. மூடிய கண் இமையைத் தொடுகிற அளவுக்குத் தொட்டு, தோலை மட்டும் லேசாக நகர்த்தி விட வேண்டும். காலையில் நாற்பது நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம். பிறகு தாடையையும் தலையையும் சேர்த்துக் கட்டுகிற ஒரு பட்டையைச் சில மணி நேரம் போட்டிருக்க வேண்டும். தூங்கும்போது தலைமாடு உயரமாக இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை ஒரு காதிலிருந்து தாடைக்கடியில் மறு காது வரை அளவு நாடா வைத்து நோட்டில் எழுத வேண்டும்.

"இத்த ஒரு ட்ரீட்மென்ட்டுன்னு சொல்றாங்களே, கொழந்தைக்குப் பவுடர் போடறாப்ல கீது," என்றார் என் கணவர் முதல் நாள். செங்கல் இறக்கிக் காய்த்துப்போன கை அது. ஜென்சி அவர் விரலைப் பிடித்து, அவருடைய கண் இமையிலேயே வைத்துக் காட்டினார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தன் இமையில் தொட்டுத் தொட்டுப் பழகிக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் இவ்வளவு நேரம் அவர் கை என் முகத்தில் இருந்ததே இல்லை. கழுத்தில் எனக்கு உணர்ச்சி கிடையாது, ஆபரேஷனில் நரம்பு போய்விட்டது. அவர் விரல் எங்கே இருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அவர் வாய்க்குள்ளேயே எண்ணுவார். இடையில் போன் வந்தால் எடுக்க மாட்டார். எடுத்தால் எண்ணிக்கை விட்டுப்போகுமாம்.

மூன்று வாரத்தில் வடிந்தது. நோட்டில் இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. இட்லி இறங்கியது. ரசம் சாதத்தைப் பிசைந்து, இடையில் தண்ணீர் குடிக்காமல் விழுங்கினேன். ஜூனில் பள்ளிக்கூடம் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ழகரம் சரியாக வராது, ஆனால் பிள்ளைகளுக்கு மட்டும் சரியாக வருகிறதா என்ன?

ஆனால் வடிந்த முகம் அழகாக இல்லை. வீக்கத்துக்கு அடியில் ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. இடது பக்கம் சதை எடுத்த இடத்தில் குழி, அதன் மேல் கருகிய தோல், நடுவில் கயிறு மாதிரி ஒரு நரம்பு. ஐப்பசியில் நிச்சயம். பத்து நாள் இருந்தபோது சரோஜா அக்கா வந்தார்.

"இன்னாம்மா மல்லிகா, மூஞ்சி இப்டி வத்திப்போச்சு? போன மாசம் எம்மாம் லட்சணமா இருந்த!"

"அதுதான்க்கா ட்ரீட்மென்ட். வீக்கம் வடியுது."

"வடிஞ்சு இன்னாத்துக்கு? இந்தாண்ட குழி வுழுந்து கீது, அந்தாண்ட நரம்பு தெரியுது. அந்தம்மா உன்னப் பாத்த மூஞ்சி வேற. நிச்சயத்துல இந்த மூஞ்சியப் பாத்தா சீக்குக்காரின்னு ஒரே பார்வையில தெரிஞ்சுபூடும். அப்பால உன் பொண்ணு கதி?" அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "வேலு, நீ இன்னாடா சொல்ற?"

"டெய்லி பண்ணணும்னு சொன்னாங்கக்கா..."

"பண்ணு. யாரு வாணான்னா? தையில கல்யாணம் முடியட்டும். அப்பால நாளு பூரா தடவிகினு கெட."

என் கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு கூட்டினார். அதுதான் அவர் சொன்ன பதில். நான் தீபாவைப் பார்த்தேன். அவள் லேப்டாப்பை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, மூணு மாசம்தானே? ஜென்சி மேடம்கிட்ட கேட்டுப் பாரேன், ஒரு சின்ன கேப் விட்டா என்ன ஆகும்னு. எனக்காக."

ஜென்சியைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் என்ன சொல்வார் என்று எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். நான் சரி என்றேன். அக்கா மீதும் மகள் மீதும் பழியைப் போட்டு இதை எழுதினால் படிக்கிறவர்களுக்குச் சுலபமாக இருக்கும். உண்மை என்னவென்றால், எனக்கும் அந்தக் குழி விழுந்த முகத்தோடு மணமேடையில் நிற்கப் பிடிக்கவில்லை. பட்டையைச் சுருட்டிப் பீரோவில் வைத்தது என் கைதான்.

பத்தே நாளில் முகம் திரும்ப உருண்டுவிட்டது. நிச்சயத்தில் தேவகி அம்மா, "இன்னா சம்பந்தி, இன்னும் கொஞ்சம் பூசிட்டீங்க, கல்யாணக் களை வந்துடிச்சு" என்றார். சரோஜா அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கார்த்திகையில் சோறு தொண்டையில் நிற்க ஆரம்பித்தது. மார்கழியில் தண்ணீர் குடித்தாலே புரையேறியது. ஜென்சி மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும் கல்யாண வேலை என்று சொல்லி வைத்துவிட்டேன். பத்திரிகை வைக்கப் போன வீடுகளில் கொடுத்த காபியை எல்லாம் கையில் வைத்துக்கொண்டே பேசிவிட்டு, அவர்கள் உள்ளே போகும்போது தொட்டிச் செடியில் ஊற்றிவிட்டு வருவேன். இரண்டு வீட்டில் செடி இருக்கவில்லை. இவர் என் டம்ளரையும் வாங்கிக் குடித்தார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஆல்பத்தில் என் முகம் நிலவு மாதிரி இருக்கிறது. சம்பந்திகள் ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்ட வேண்டும் என்று வீடியோக்காரர் சொல்ல, தேவகி அம்மா ஒரு மைசூர்பாகை முழுசாக என் வாயில் வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அதைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு கால் மணி நேரம் சிரித்தபடி நின்றேன். பிறகு பாத்ரூமில் போய்த் துப்பினேன். அப்போது அழுதேன்.

பங்குனியில் ஜென்சியிடம் போனேன். கட்டை விரலால் என் தாடையின் கீழே அழுத்தினார். முன்பெல்லாம் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக நிரம்பும். இப்போது விரல் உள்ளேயே போகவில்லை. அவர் கையை எடுத்துவிட்டு, மேசையிலிருந்த என் நோட்டைப் புரட்டினார். மூன்று வாரம் எழுதியிருந்தது, அதன் பிறகு வெறும் தாள்.

"திட்டுங்கம்மா," என்றேன்.

"திட்டினா இளகும்னா திட்டுவேன் டீச்சர்."

மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார்கள். தொண்டையில் சோறு போகும் வழியும் மூச்சு போகும் வழியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. விழுங்கும்போது மூச்சுக்குழாயை ஒரு மூடி மூட வேண்டும். என்னுடைய மூடி வீங்கி, விறைத்து, அப்படியே நின்றது. நான் விழுங்கியதில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுபடி இரண்டு வேளையும் தடவ ஆரம்பித்தோம். இனி இறுகியது இளகாது, மேலும் இறுகாமல் வேண்டுமானால் பார்க்கலாம் என்று ஜென்சி சொல்லிவிட்டார். ஆடியில் நிமோனியா வந்தது. ரசம் செய்த வேலை. பன்னிரண்டு நாள் மருத்துவமனை, அதில் ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. திரும்பி வரும்போது மூக்கில் குழாயோடு வந்தேன். இனி வாயால் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. மாப்பிள்ளை வீட்டில் சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லி, யாரும் பார்க்க வராமல் தீபா சமாளித்துக்கொண்டாள்.

அந்தக் குழாய் மூக்கிலிருந்து நேராக இரைப்பைக்குப் போகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, வடிகட்டிய கஞ்சியோ பாலோ பெரிய சிரிஞ்ச் வழியாக ஊற்ற வேண்டும். என் கணவர் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டார். துணியில் வடிகட்டி, ஒரு கரண்டி தன் வாயில் ஊற்றிப் பார்த்து, "உப்பு கரெக்ட்டா கீது டீச்சரே" என்பார். எனக்கு உப்பு தெரியப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும். ஒரு நாள் என் கழுத்தைத் தடவிக்கொண்டே, "நான் அன்னிக்கு அக்காவாண்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்" என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

மூக்குக் குழாயை எடுத்துவிட்டு வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துக்கொள்வது வசதி என்று டாக்டர் சொன்னார். தீபா அப்போது முழுகாமல் இருந்தாள். வளைகாப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். வயிற்றில் வைத்திருந்தால் புடவைக்குள் மறைந்திருக்கும், அன்று நடந்தது எதுவும் நடந்திருக்காது. எதையும் மறைப்பதில் கெட்டிக்காரர்களான எங்கள் வீட்டில் அந்த ஒரு யோசனை யாருக்கும் வரவில்லை.

கார்த்திகையில் வளைகாப்பு. மாப்பிள்ளை வீடு சின்ன ஃபிளாட் என்பதால் எங்கள் வீட்டிலேயே வைத்தார்கள். முடிந்ததும் தீபா பிரசவம்வரை இங்கேயே தங்குவதாக ஏற்பாடு. குழாயோடு என்னை யார் முன்னாலும் நிறுத்த முடியாது. என் அண்ணனுக்கு மாரடைப்பு, நான் கோயம்புத்தூர் போயிருக்கிறேன் என்று சொல்லிவிடலாம் என்று முடிவானது. நான் மாடி அறையில் இருக்க வேண்டும்.

"ரெண்டு மணி நேரம்தான்மா," என்றாள் தீபா. காலையிலேயே மேலே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் வயிறு என்மேல் இடித்தது. உள்ளே குழந்தை அசைந்ததை உணர்ந்தேன்.

ஒன்பது மணிக்கு என் கணவர் கஞ்சி ஊற்றிவிட்டுப் போனார். பதினொரு மணிக்கு வரவில்லை. கீழே நாதஸ்வரம் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. "அம்மா இல்லாம ஒரு வளகாப்பா, பாவம் பொண்ணு" என்று தேவகி அம்மா சொல்வதும், "இன்னா பண்றது, கூடப் பொறந்த அண்ணனாச்சே" என்று சரோஜா அக்கா சொல்வதும் கேட்டது. ஒரு மணிக்கும் யாரும் வரவில்லை. இவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. தீபாவுக்குச் செய்தேன், கட் ஆனது. புளிசாதம், தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம் என்று ஒவ்வொன்றின் வாசனையும் தனித்தனியாக மாடிக்கு வந்தது. பசி பொறுக்க முடியவில்லை. எனக்கு ரோஷம் எதுவும் வரவில்லை. யாருக்கும் பாடம் புகட்ட வேண்டும் என்றும் நினைக்கவில்லை. கஞ்சி கீழே சமையலறையில் இருந்தது, நான் மேலே இருந்தேன், அவ்வளவுதான். இரண்டு மணி ஆகப்போகும்போது சிரிஞ்சை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

படி ஹாலில்தான் முடியும். முதலில் போட்டோக்காரர் பார்த்தார். பிறகு எல்லாரும். தீபா கை நிறைய வளையலும் கன்னத்தில் சந்தனமுமாக நாற்காலியில் இருந்தாள். தேவகி அம்மா அவளுக்கு வளையல் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா சம்பந்தி, கோயமுத்தூர்ல கீறீங்கன்னாங்க?"

"பசிக்குது," என்றேன்.

அவர் என் மூக்கைப் பார்த்தார். குழாயை, காலர் இல்லாத கழுத்தை, தழும்பைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. அங்கிருந்து அவர் பார்வை தீபாவின் வயிற்றுக்குப் போனது. அங்கேயே நின்றது.

தீபா சிரித்த முகத்தை கேமரா பக்கமே வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். "அம்மா, ப்ளீஸ். மேல போயிடு."

நான் போகவில்லை. அந்தப் பசியில் மறுபடி படியேற முடியாது, அதனாலும்தான். பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "ஏங்க, கஞ்சி" என்றேன். பட்டு வேட்டியோடு இவர் சமையலறைக்கு ஓடினார். சிரிஞ்சை மாட்டி உயரத் தூக்கிப் பிடித்தேன். இவர் ஊற்றினார். வேகமாக ஊற்றினால் வாந்தி வரும், மெதுவாகத்தான் ஊற்ற வேண்டும். ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். இருநூறு மில்லியும் இறங்கியது.

கலந்த சாதத்தில் பாதி மீந்துபோனது என்று சரோஜா அக்கா இன்னும் சொல்லிக் காட்டுகிறார். தீபா அன்றைக்கு இங்கே தங்கவில்லை. "எங்களோட வரட்டும், நல்ல டாக்டரா பாத்துக்கிறோம்" என்று தேவகி அம்மா சொல்ல, அவள் பெட்டியைக்கூடத் திறக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு அவர்களோடு போய்விட்டாள்.

மாசியில் பெண் குழந்தை பிறந்தது. இவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் என் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அக்குளில் ஆரம்பித்து, கழுத்தில் முடித்து, முகத்தில் விரல் வைத்தபோதுதான் கேட்டேன்.

"யார் ஜாடை?"

அவர் எண்ணுவதை நிறுத்தினார். கையை எடுக்கவில்லை.

"அப்டியே உன் ஜாடதான்," என்றார். "அங்க யாரும் சொல்லல. நானும் வாயத் தொறக்கல."